மழைநோக்கி ஐயனாரை வலம் வந்த ரயில்

சகலை சுந்தரபாண்டியின் கழுத்தில் தொங்கிய அந்த வெள்ளை அடையாள வில்லையைப் பார்த்த நாளிலிருந்து ராமசுப்புவுக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

'தென்கரிசல் புறநகர் வட்ட ரயில் ஆணையம் - பயணிகள் ஆலோசனைக் குழு உறுப்பினர்' என்று அதில் அச்சடித்திருந்தது. ஓரத்தில் சுந்தரபாண்டியின் படம். படத்தில் இருந்தவன் நேரில் இருப்பவனைவிட நிறமாக இருந்தான். அதுவும் ராமசுப்புவை உறுத்தியது. அந்த வில்லையோடு சுந்தரபாண்டி கல்யாண வீட்டுக்கு வந்தான். சாவு விழுந்த துட்டி வீட்டுக்கும் வந்தான். சவரக் கடையில் உட்கார்ந்தபோதுகூட, போர்த்திய துணிக்கு மேலே வில்லையை எடுத்துப் போட்டுக்கொண்டானாம்.

"பசுவந்தனைக்கு ரயில் கிடையாது. நாகலாபுரத்துக்கு ரயில் கிடையாது. பொறவு எவனுக்குலே ஆலோசனை?" என்று ராமசுப்பு தன் உரக்கடையில் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்துக் கேட்டார். மூட்டைகள் வாய் திறக்கவில்லை. உள்ளே இருந்து மனைவி ராதாமணிதான் பதில் சொன்னாள்.

"ஒங்களுக்கு வில்லை வேணும்னா நேராச் சொல்லுங்க. பூச்சி மருந்து டப்பாவுல ஒண்ண வெட்டிக் கயித்துல கோத்து மாட்டி விடுதேன்."

சகலைகளுக்குள் இந்தப் புகைச்சலுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. மாமனார் ஆறுமுகசாமி விளாத்திகுளத்தில் வத்தல் வியாபாரி. ஆண் வாரிசு இல்லை, இரண்டு பெண்கள். மூத்தவள் ராதாமணியைப் பசுவந்தனை ராமசுப்புவுக்கும், இளையவள் உமாதேவியை நாகலாபுரம் சுந்தரபாண்டிக்கும் கொடுத்தார். சுந்தரபாண்டிக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் ஒன்று. தினமும் காலையில் போய் ராத்திரி திரும்புவான்.

விளாத்திகுளத்தில் ஆறுமுகசாமியின் குலதெய்வக் கோயிலில் வருசா வருசம் கொடை விழா நடக்கும். மத்தியான உச்சிக்கொடையில் சாமிக்குச் சாத்திய பட்டைத் தலையில் கட்டுகிற முதல் பரிவட்டம், மகன் இல்லாத வீட்டில் மூத்த மருமகனுக்கு. இது ராமசுப்புவின் ஏகபோகமாக இருந்தது. போன வருசம் பஸ் வழியில் படுத்துவிட்டது. ராமசுப்பு போய்ச் சேர்ந்தபோது அந்தப் பட்டு சுந்தரபாண்டியின் வழுக்கையில் பளபளத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கோயில் வாசலில் இருவரும் போட்ட சண்டையில், சாமியாடிக்கொண்டிருந்தவரே ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

ஆறுமுகசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "இனிமே மூத்தவன் இளையவன்ங்கிற பேச்சே கெடையாது. அடுத்த கொடை அன்னைக்கு வெளியூர்லயிருந்து வந்து எவன் மொதல்ல இந்த மண்ணுல கால் வைக்கானோ, அவன் தலையிலதான் பரிவட்டம்!"

அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் ஆணையம் வந்தது.

அது தொண்ணூற்றெட்டாம் வருசம். கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மாப்பிள்ளை உட்காரும் நாற்காலியில் ஆணையத்தின் சிறப்பு அலுவலர் ராஜமணி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், பெண் உட்கார வேண்டிய நாற்காலியில், வில்லையோடு சுந்தரபாண்டி. ராமசுப்பு கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே இருந்தார். மேடையில் ஓடிய மின்விசிறியின் காற்று சுந்தரபாண்டிக்கு மட்டும் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜமணி எழுந்து ஒரு வரைபடத்தைத் தொங்கவிட்டார். அதில் கோவில்பட்டியிலிருந்து இரண்டு கோடுகள் புறப்பட்டன. ஒன்று நாகலாபுரம் வழியாக விளாத்திகுளம் போய் நின்றது. இன்னொன்று பசுவந்தனையில் நின்றது.

"பெரியோர்களே, இந்த இரண்டு பாதைகளும் தனித்தனியாக நுனியில் முடிந்துவிடுகின்றன. முடிந்துவிடுவதுதான் நம் நாட்டின் அடிப்படைப் பிரச்சினை. பெருநகரங்களில் இப்படிப் பிரிந்து கிடந்த பாதைகளை இணைத்து வட்டமாக்கினார்கள். மக்கள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஆனந்தமாக இருக்கிறார்கள். விளாத்திகுளத்தையும் பசுவந்தனையையும் இணைத்து உங்களையும் அப்படிச் சுற்ற வைப்பது என்று ஆணையம் முடிவு செய்திருக்கிறது."

விளாத்திகுளத்துக்காரர் ஒருவர் எழுந்தார். "ஐயா, அந்த ரெண்டு பாதைன்னு சொல்லுதீங்களே, அதுல ஒண்ணுலகூடத் தண்டவாளம் இல்லையே?"

ராஜமணி சிரித்தார். குழந்தை கேட்ட கேள்விக்குச் சிரிக்கிற சிரிப்பு. "தண்டவாளம் உள்ள இரண்டு பாதைகளை இணைப்பது மிகவும் சிரமம். இல்லாத இரண்டை இணைப்பது சுலபம். ஆணையம் சுலபமானதிலிருந்து தொடங்குகிறது."

கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியது சுந்தரபாண்டி.

"புறநகர் ரயில்னு போட்டிருக்கே, நாங்க எந்த நகருக்குப் புறநகர்?" என்று இன்னொருவர் கேட்டார்.

"நகரத்துக்குப் புறத்தே இருப்பது புறநகர். உங்கள் ஊர்கள் எல்லா நகரங்களுக்கும் புறத்தேதான் இருக்கின்றன. இந்தத் தகுதி எல்லோருக்கும் கிடைக்காது."

மறுபடியும் கைதட்டல். பிறகு ராஜமணி திட்டத்தின் முதல் கட்டத்தை விளக்கினார். தண்டவாளம் பின்னால் வரும். அதுவரை மக்களுக்கு ரயில் பழக வேண்டும். அதற்காக ஒரு முன்னோடி ரயில் விடப்படும். பார்வைக்கு அது பஸ் மாதிரி இருக்கும். யாரும் ஏமாந்துவிடக் கூடாது, அது ரயில். நான்கு ஊரிலும் நடைமேடை, ஊதல், பச்சைக்கொடி எல்லாம் உண்டு. பயணிகள் கணக்கில் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக, அந்தச் சாலையில் இப்போது ஓடுகிற பஸ்கள் அனைத்தும் நிறுத்தப்படும்.

"வட்டத்தில் ரயில் இரண்டு திசையிலும் ஓடும். உதாரணத்துக்கு, நம் உறுப்பினர் சுந்தரபாண்டி அவர்கள் நாகலாபுரத்தில் ஏறினால் அடுத்த நிலையம் கோவில்பட்டி. மறுபக்கம் அடுத்த நிலையம் விளாத்திகுளம். இரண்டு பக்கமும் அவருக்கு வசதி!"

சுந்தரபாண்டி எழுந்து கூட்டத்துக்குக் கும்பிடு போட்டான். வசதியாக இருப்பதற்கே ஒரு கும்பிடு.

ராமசுப்புவின் வயிற்றில் வேலிக்காத்தான் விறகு பற்றிக்கொண்டது. அதே வரைபடத்தில் பசுவந்தனையும் இருந்தது. அங்கிருந்தும் ஒரு பக்கம் அடுத்த நிலையம் கோவில்பட்டி, மறுபக்கம் அடுத்த நிலையம் விளாத்திகுளம். தனக்கும் அச்சு அசலாக அதே வசதிதான் என்பது அவர் கண்ணில் படவில்லை. பொறாமைக்காரனுக்குத் தன் இலையில் விழுந்த அப்பளம் தெரியாது. பந்தியில் எதிரே இருப்பவனுக்கு விழுந்தது மட்டும் தெரியும். இந்தப் பயல் தினமும் ஒரே மூச்சில் கோவில்பட்டி போய் இறங்குவதா? அதைத் தடுத்தாக வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வரைபடத்தை உற்றுப் பார்த்தார். வட்டத்துக்கு நடுவே, கரிசல் காட்டுக்குள், ஒரு சின்னப் புள்ளி. மழைநோக்கி ஐயனார் கோயில். நான்கு ஊருக்கும் பொதுவான சாமி. வானத்தைப் பார்த்தபடி காலங்காலமாகக் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறவர்.

ராமசுப்பு எழுந்து நின்றார்.

"ஐயா! நடுவுல ஐயனார் இருக்காரு. கோவில்பட்டியில ஏறி நாகலாபுரம், விளாத்திகுளம், பசுவந்தனைன்னு வந்தா அவரை வலமாச் சுத்துதோம். சரி. எதிர்ப்பக்கமா ஓட்டுனா? சாமிய எடமாச் சுத்துத மாதிரிலா ஆகும்? எடமாச் சுத்துதது எதுக்குன்னு இங்கன இருக்க எல்லாருக்கும் தெரியும். சுடுகாட்டுல பாடையத்தான் அப்படிச் சுத்துவோம்!"

மண்டபத்தில் நான்கு ஊரும் ஒரே நேரத்தில் எழுந்தது.

"நெசந்தானய்யா! தாலி கட்டுத பிள்ளைய எப்படி அதுல ஏத்துவோம்?"

"ஏற்கெனவே மழ இல்ல. எடமா வேற சுத்துனா வெளங்கிரும்!"

சுந்தரபாண்டி மைக்கைப் பிடித்து, "அண்ணாச்சி சொல்லுதது வந்து... ரயிலுக்கு ஏதுங்க வலம் எடம்?" என்று ஆரம்பித்தான். "ஒம்ம ஆபீசுத் தீக்குச்சியக்கூட ஒரசுறதுக்கு ஒரு பக்கம் உண்டுலா!" என்று ஒருவர் கத்த, உட்கார்ந்துவிட்டான்.

ராஜமணிக்கு விசயம் புரியவில்லை. புரியாத விசயங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது. "மக்களின் பண்பாட்டு உணர்வை ஆணையம் தலைவணங்கி ஏற்கிறது. இதற்கென்று திசைத் துணைக்குழு அமைக்கப்படும்" என்றார்.

திசைத் துணைக்குழு சென்னையிலிருந்து வந்தது. ஐயனார் கோயிலுக்கு ஜீப்பில் போய், வட்டத்துக்கு நடுவில் ஐயனார் இருப்பது உண்மைதானா என்று சரிபார்த்தது. பொங்கல் சாப்பிட்டது. சாமி எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று விசாரித்து, 'மேலே' என்று குறித்துக்கொண்டது. கடைசியில் ரயில் வலமாக மட்டுமே ஓடும் என்று அறிவித்தது. அறிவித்த கையோடு ஒரு விழாவும் நடந்தது. ராமசுப்புவுக்குப் பொன்னாடை போர்த்தி, 'வட்டப்பாதை வலம்புரிச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தார் ராஜமணி. முன்னோடி ரயிலின் முதல் வரிசையில், சன்னலோரம், ஐயனார் பக்கமாக, செம்மலுக்கு நிரந்தர இருக்கை. அதன் முதுகில் பெயரைப் பெயின்டால் எழுதினார்கள்.

சுந்தரபாண்டியின் முகம் அன்றைக்கு ஊறப்போட்ட புளி மாதிரி இருந்தது. நாகலாபுரத்திலிருந்து கோவில்பட்டிக்குப் போக இனி அவன் விளாத்திகுளம், பசுவந்தனை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். ராமசுப்பு வீட்டுக்கு வந்து, பல வாரங்களுக்குப் பிறகு, மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ராதாமணி பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, கொடைக்கு எங்க அப்பா ஊருக்கு எப்படிப் போவீய?"

"ரயில்ல. செம்மல் சீட்டுல."

"அதான், எந்தப் பக்கமா?"

ராமசுப்பு வாயில் போட்ட கவளத்தை மெல்லாமல் நிறுத்தினார்.

ராதாமணி அடுக்களையில் மாவு ஆட்டிக்கொண்டிருந்த கிரைண்டரைக் காட்டினாள். "இங்கன பசுவந்தனை. அந்தா அடுத்தாப்புல விளாத்திகுளம். ஆனா கல்லு இந்தப் பக்கமாத்தான சுத்துது? அப்பம் நீங்க கோவில்பட்டி போயி, நாகலாபுரம் போயி, உளுந்து மாதிரி அரைஞ்சி நொந்து விளாத்திகுளம் போவீய. எங்க தங்கச்சி மாப்பிள்ளை நாகலாபுரத்துல ஏறுனா அடுத்த ஸ்டேசன்ல எறங்கிருவாரு. நல்லா வாங்கிட்டு வந்தீய பட்டம்!"

மறுநாளே ராமசுப்பு பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆணையத்தின் முகாம் அலுவலகத்துக்குப் போனார்.

"ஐயா, எதிர்ப்பக்கமும் ஒரு ரயில் விட்டா என்ன? ஐயனார் கோவிச்சுக்கிடமாட்டாரு. நல்ல சாமி."

ராஜமணி வருத்தத்தோடு தலையசைத்தார். "செம்மல் அவர்களே, நீங்களே இப்படிப் பேசலாமா? மக்களின் உணர்வைக் கேட்டு எடுத்த முடிவு இது. அதை மாற்ற வேண்டுமென்றால் முதலில் மக்களின் உணர்வை மாற்ற வேண்டும். அது எங்கள் துறை இல்லை."

"விளாத்திகுளம் எங்க ஊருக்குப் பக்கத்து ஊருங்க. இப்பம் ஊரு உலகமெல்லாம் சுத்தணும்!"

"வட்டத்தில் தூரம் என்பதே கிடையாது. பொறுமையாக உட்கார்ந்திருந்தால் எல்லா ஊரும் உங்களைத் தேடி வரும். சொந்த ஊர்கூட."

முன்னோடி ரயில் ஓடத் தொடங்கியது. நீலமும் மஞ்சளும் அடித்த பழைய பஸ். அதில் கண்டக்டராக இருந்த அல்லாபிச்சைக்கு வெள்ளைக் கால்சட்டை மாட்டி, கார்டு என்று பெயர் மாற்றியிருந்தார்கள். 'ரைட் ரைட்' என்று சொல்லக் கூடாது; பச்சைக்கொடி காட்ட வேண்டும். கைகாட்டினால் நிறுத்தக் கூடாது. ரயில் நடைமேடையில்தான் நிற்கும், அதுவும் ஒரே ஒரு நிமிடம்.

ரயில் என்றால் கேட் வேண்டும் என்று விதி. எனவே ஒவ்வொரு ஊர் எல்லையிலும் சாலைக்குக் குறுக்கே கேட் போட்டார்கள். ரயில் வரும்போது கேட்டை மூட வேண்டும் என்பது அடுத்த விதி. முதல் நாள் ரயில் வந்தது. கேட்கீப்பர் கேட்டை மூடினார். மூடிய கேட்டுக்கு முன்னால் ரயில் வந்து நின்றது. ரயில் போன பிறகுதான் கேட்டைத் திறக்க முடியும் என்றார் கேட்கீப்பர். கேட்டைத் திறந்தால்தான் ரயில் போக முடியும் என்றார் டிரைவர். இரண்டும் விதிப்படி சரியாக இருந்ததால், மேலதிகாரி வந்து சேரும்வரை ரயில் அங்கேயே நின்றது. பயணிகள் இறங்கிப் பக்கத்துப் புஞ்சையில் பருத்தி எடுக்க உதவிவிட்டு வந்தார்கள். முடிவில், ரயிலும் அரசு ஜீப்பும் மட்டும் கேட்டைத் திறந்துகொண்டு போகலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது.

கொடை வந்தது. ராதாமணியும் உமாதேவியும் பிள்ளைகளோடு முந்தின வாரமே ரயிலேறிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொடை அன்று விடிந்ததும் ராமசுப்பு பட்டு வேட்டி கட்டி, தன் டிவிஎஸ் 50-ஐ மிதித்துக் கிளப்பினார். ரயிலாவது மயிராவது, பக்கத்து ஊர்தானே, எதிர்ப்பக்கமாகவே போய்விடுவது என்று முடிவு. ஊர் எல்லையில் கேட் மூடியிருந்தது.

"தெறங்க அண்ணாச்சி."

"ரயில் கெளம்பிட்டு. கடைசி ஸ்டேசனுக்குப் போய்ச் சேந்த தகவல் வந்தாத்தான் தெறப்பேன்."

"கடைசி ஸ்டேசன் எது?"

கேட்கீப்பர் தலையைச் சொறிந்தார். "அதத்தான் நானும் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். வட்டத்துல கடைசி இல்லைங்காவ. அப்பம் தெறக்க வழியில்லைலா?"

"எத்தன நாளா மூடியிருக்கு?"

"கேட்டு போட்டதுலயிருந்து."

ராமசுப்பு வண்டியைக் காட்டுக்குள் இறக்கினார். உடைமுள் முன் சக்கரத்தைப் பதம் பார்த்தது. காற்றுப் போன வண்டியைத் தள்ளிக்கொண்டு நடைமேடைக்கு வந்தபோது ரயில் ஊதியது. வேறு வழியில்லை. செம்மல் தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

கோவில்பட்டி வந்தது. போனது. கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு மண், அதில் வெடிப்புகள், வெடிப்பு மாதிரியே நெளிந்து போகிற வெயில். ஐயனார் கோயில் கோபுரம் வலப்பக்கம் தூரத்தில் தெரிந்தது. அரை மணி கழித்துப் பார்த்தாலும் அங்கேயே தெரிந்தது. ராமசுப்பு கும்பிட்டார். 'சகலை இன்னைக்கு ரயிலத் தவற விடணும்' என்று மட்டும் வேண்டிக்கொண்டார்.

நாகலாபுரம் நடைமேடையில் சுந்தரபாண்டி நின்றுகொண்டிருந்தான். பட்டு வேட்டி, பட்டுத் துண்டு, வில்லை. ஏறியதும் ராமசுப்புவைப் பார்த்து அதிர்ந்தான். அதிர்ச்சி சிரிப்பாக மாறக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அண்ணாச்சி! எப்பம் ஏறுனீய?"

"விடியக்காலம்."

"ஐயையோ. நான் இப்பம்தான் பலகாரம் சாப்பிட்டு, வெத்தல போட்டு, நிதானமா வாரேன். அடுத்த ஸ்டேசன்தான?"

"கோவில்பட்டி ஆபீசுக்கு இப்பம் எப்படிப் போறீய சகலை? ராத்திரி சோத்துக்கு வீட்டுக்கு வர முடியுதா?"

சுந்தரபாண்டியின் வெற்றிலை வாய் அசைவதை நிறுத்தியது. "ஆபீசுலயேதான் படுத்துக்கிடுதேன். எல்லாம் நீங்க வாங்கிக் குடுத்த வலம்."

"ஐயனாருக்குச் சொல்லுங்க நன்றிய."

அல்லாபிச்சை கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். "ரெண்டு பெரிய மனுசங்களும் ஒண்ணு கேட்டுக்கோங்க. விளாத்திகுளத்துல ஒரு நிமிசந்தான். வாசல் ஒண்ணுதான். எறங்குறவிய இப்பமே முடிவு பண்ணி வச்சிக்கிடுங்க. பொறவு என்னையச் சொல்லக் கூடாது."

முடிவு பண்ணுகிற விசயமா அது? இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து வாசலுக்குப் போனார்கள். ஊர் வருவதற்கு வெகு முன்பே வாசலை இருவரும் சேர்ந்து அடைத்துக்கொண்டார்கள். ராமசுப்புவின் இடது தோள் ஒரு கம்பியிலும், சுந்தரபாண்டியின் வலது தோள் மறு கம்பியிலும் இறுகின. நடுவில் இரண்டு தொந்திகள்.

விளாத்திகுளம் நடைமேடையில் நையாண்டி மேளம் முழங்கியது. தாம்பாளத்தில் பரிவட்டத்தோடு ஆறுமுகசாமி நின்றார். பின்னால் ராதாமணியும் உமாதேவியும்.

ரயில் நின்றது.

"மூத்தவனுக்கு வழி விடும்!"

"உறுப்பினருக்கு வழி விடுங்க அண்ணாச்சி!"

"செம்மல்லே நானு!"

ராமசுப்பு ஒரு காலைக் கீழே நீட்டினார். சுந்தரபாண்டி அவர் வேட்டியைப் பிடித்தான். சுந்தரபாண்டி தாவப் பார்த்தான். ராமசுப்பு வில்லையின் கயிற்றைப் பிடித்தார். "விடுங்க! கழுத்து! கழுத்து!" என்று ஒரு குரலும், "வேட்டி! வேட்டி!" என்று இன்னொரு குரலும் மேளத்தை மீறிக் கேட்டன. இறங்க வேண்டிய விளாத்திகுளத்துக்காரர்கள் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார்கள். கெட்டியான தக்கை, அசையவில்லை. அவர்கள் சன்னல் வழியாகக் குதித்துப் போனார்கள்.

அல்லாபிச்சை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு பச்சைக்கொடியை நீட்டினார்.

ரயில் நகர்ந்தபோதுதான் ராமசுப்பு அந்த ஜீப்பைப் பார்த்தார். நடைமேடைக்கு அந்தப் பக்கம் அப்போதுதான் வந்து நின்றது. ராஜமணி இறங்கினார். வெளியூரிலிருந்து வந்து, விளாத்திகுளம் மண்ணில், முதலாவதாகக் கால் வைத்தார். ஆறுமுகசாமி ஒரு வினாடி ரயிலைப் பார்த்தார், ஒரு வினாடி ஜீப்பைப் பார்த்தார். சொன்ன சொல் மாறாதவர் என்று அவருக்கு வத்தல் பேட்டையில் பெயர். பரிவட்டம் ராஜமணியின் தலையில் ஏறியது.

மைக் செட்டில் ராஜமணியின் குரல் ரயிலைத் துரத்திக்கொண்டு வந்தது: "இந்த மரியாதை எனக்கல்ல, வட்டப் பாதைக்கு! என்னைச் சிலர் கேட்கிறார்கள், நீங்கள் ஏன் வட்ட ரயிலில் வரவில்லை என்று. வட்டத்தை மேற்பார்வை செய்கிறவர்கள் குறுக்கேதான் போக வேண்டும். எல்லோரும் சுற்றிக்கொண்டே இருந்தால், யார் போய்ச் சேருவது?"

வாசலில் இருந்த தக்கை தானாகக் கழன்றது. இருவரும் உள்ளே வந்து விழுந்தார்கள். பசுவந்தனை வந்தபோது ராமசுப்பு சன்னல் வழியாகத் தன் உரக்கடையைப் பார்த்தார். இறங்கிவிடலாம்தான். இறங்கினால், "ஒங்க சகலை போயிப் பந்தியில உக்காந்துட்டாரு, நீங்க?" என்று ராதாமணி கேட்பாள். இறங்கவில்லை. கோவில்பட்டியில் சுந்தரபாண்டியும் தன் தீப்பெட்டி ஆபீசின் புகைபோக்கியைப் பார்த்தான். அவனும் அதே காரணத்துக்காக இறங்கவில்லை.

"பரிவட்டம் அந்தாளுக்கு நல்லா இருந்துச்சா சகலை?" என்று கேட்டார் ராமசுப்பு.

"தொப்பி மாதிரி காது வரைக்கும் எறங்கிட்டு."

"ஒமக்குப் போன வருசம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக உடனே வருத்தப்பட்டார்.

வெயில் சாயும் நேரத்தில் ரயில் மறுபடியும் விளாத்திகுளத்துக்குள் நுழைந்தது. மேளம் இல்லை. தாம்பாளம் இல்லை. நடைமேடையில் இரண்டே பேர் நின்றிருந்தார்கள். ராதாமணி சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். உமாதேவி இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்திருந்தாள்.

"வாங்க, வாங்க! ரெண்டு பேரும் எறங்கி வாங்க!" என்றாள் ராதாமணி. "எங்க அப்பாவ ஊர் சிரிக்க வச்சிட்டு ஊர்வலம் போறீயளோ?"

ரயில் நின்றது. வாசல் காலியாக, அகலமாக, காற்றோட்டமாக இருந்தது.

"நீங்க எறங்குங்க அண்ணாச்சி" என்றான் சுந்தரபாண்டி மரியாதையாக. "மூத்தவிய."

"சே, சே. நீரு உறுப்பினர். நீரு மொதல்ல."

"செம்மல் இருக்கும்போது நான் எப்படி...?"

"பழசையெல்லாம் மனசுல வைக்காதீரும். எறங்கும்."

"கால எடுத்து வைங்க அண்ணாச்சி, நான் பின்னாலயே வாரேன்."

அல்லாபிச்சை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பச்சைக்கொடி நீண்டது. ராதாமணி கத்தியது ஊதல் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று.

ரயில் ஊர் எல்லை தாண்டிக் கரிசல் காட்டுக்குள் வளைந்தது. இருவரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். வலப்பக்கம் அந்திச் சிவப்பில், மழைநோக்கி ஐயனார் கோயில் ஜோராகத் தெரிந்தது. ராமசுப்பு கும்பிடக் கையைத் தூக்கியவர், அப்படியே நிறுத்தினார். கோயில் அவருக்குத் தெரியவில்லை. சுந்தரபாண்டியின் தலை மறைத்தது. வாசலிலிருந்து திரும்பி வந்தபோது அந்தப் பயல் சன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தான். காற்று அவனுக்கு. சாமி அவனுக்கு.

"ஏய், எந்திரியும்" என்றார் ராமசுப்பு. "அது செம்மல் சீட்டு."